இருமுனைக் கருவி

இருப்புப்பாதைத் தொழிலாளர் கையாளும் கருவிகளுள் ‘பீட்டர்’ என்பது ஒன்று. குந்தாலியும் திமிசும் ஒரே காம்பில் கூடியது போன்றது அது. அதன் கூர்முனை, இறுகிக் கிடக்கும் சரளைக்கல்லைக் கிளறும். மழுங்கிய மறுமுனையோ, அக்கல்லைக் குறுக்குக்கட்டையின் அடியிற் செலுத்தி இறுக்கும். அங்கே கல் தளர்ந்தால் தண்டவாளம் தாழும். வண்டி தடம் புரளவும் கூடும்.

இருவர் கட்டையின் இருபுறமும் எதிரெதிர் மூலைகளில் நின்று ஒரே வேளையில் அடிப்பர். ஒருவர் மட்டும் அடித்தால் கல் மறுபுறம் வெளியேறிவிடும்!

இந்நாளில் இவ்வேலையைப் பெரும்பாலும் பொறிகளே செய்கின்றன. அது நன்றே, கோடை வெயிலில் பீட்டரை ஓங்குதல் எளிதன்று. இளமையில் அவ்வோசையைக் கேட்டு நான் பன்முறை நின்றதுண்டு. வண்டி வருங்கால் அவர்கள் விலகி நிற்பர். பயணிகள் கையசைப்பர், அவர்கள் கண்களோ தாம் அடித்த கட்டையின்மேலேயே இருக்கும்.