பரங்கிமலையிலிருந்து தாம்பரத்துக்கு

பரங்கிமலையிலிருந்து தாம்பரம் போவதற்கு வழிகள் பல உண்டு. மின்சார ரயிலில் ஏறினால் இருபது நிமிஷத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். பஸ்ஸில் ஏறினால் போய்ச் சேரும் நேரத்தைப் பற்றி ஒன்றும் உறுதி கூறுவதற்கில்லை. ஓடியே போவது என்று மூன்றாவது வழி ஒன்று உண்டென்பதை எனக்குக் கற்பித்தவள் என் தமக்கையின் மகள்.

அவள் பட்டம் பெற்றவள். ராணுவத்தில் அதிகாரியாக வேண்டும் என்று ஆசை கொண்டவள். சென்ற ஆண்டு கல்லூரியில் நடந்த நெடுந்தூர ஓட்டத்தில் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றுமுதல் என் தமக்கையின் கையில் அது ஓர் அஸ்திரமாகிவிட்டது. பட்டாளப் பேச்சு எழும்போதெல்லாம், "பாதியில் உட்கார்ந்தவள்தானே நீ!" என்று அதை எடுத்து விடுவாள். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. மலையடிவாரத்திலிருந்து தாம்பரம் ரயில் நிலையம் வரை, ஏறத்தாழ 12 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரத்துக்குள் ஓடி முடித்தால் விண்ணப்பத்துக்குத் தாயார் தடை சொல்வதில்லை. கடிகாரமும் கையுமாக ரயிலில் தொடர்ந்து சென்று சாட்சி சொல்ல வேண்டியவன் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு அவள் புறப்பட்டாள். நான் ரயில் நிலையத்தை நோக்கி நடந்தேன்.

முந்நூறு அடி உயரமுள்ள அந்தச் சிறு குன்று நெடுந்தூர ஓட்டத்துக்குப் புதியதன்று. 1769-ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் மைசூர் ஹைதர் அலி, தம்மைத் தேடி வந்த ஆங்கிலப் படையை வேறிடத்தில் அலையவிட்டுவிட்டு, ஆறாயிரம் குதிரை வீரருடன் மூன்றரை நாளில் 130 மைல் கடந்து இம்மலையருகே வந்து நின்றார் என்று சரித்திர நூல்கள் கூறுகின்றன. கோட்டைக்குள் இருந்த கும்பினியார் அடுத்த மாதமே அவருடன் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். பிற்பாடு இவ்விடமே சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடமாயிற்று, பல்லாவரமும் பாளையமாயிற்று. சீமையிலிருந்து கப்பலேறி வந்த சிப்பாய்க்கு இது கடல் கடந்த ராணுவத் தளம். நம்மவர்க்கோ சொந்த ஊரிலேயே அந்நியமான இடம். அக்காலத்தில் சென்னையில் துரைகளின் வண்டியோடு கூடவே ஓடிய குதிரைக்காரர்கள் உண்டு. எத்தனை மைல் ஓடினாலும் அவர்களுக்குப் பரிசு கொடுத்தவர் யாருமில்லை. அந்த ஓட்டத்தைக் கணக்கெடுத்தவரும் இல்லை.

இன்று மலைக்கு அருகிலுள்ள மதிலுக்குப் பின்னால் இருப்பது நம்முடைய ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகம். சீன யுத்தத்துக்கு மறு ஆண்டான 1963-இல் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கியது. 1988-இல் கழகம் என்னும் பெயர் பெற்றது. 1992 முதல் பெண்களும் இங்கே பயிற்சி பெறுகிறார்கள். மூட்டையும் துப்பாக்கியும் சுமந்து மேடு பள்ளம் பாராமல் ஓடுவது ஆண், பெண் இருபாலாருக்கும் உரிய பாடம். ஆப்கானிஸ்தான், பூட்டான் முதலிய நாடுகளிலிருந்தும் இளைஞரும் யுவதிகளும் வந்து பயின்றிருக்கிறார்கள். ஆக, இது இன்றும் சிலருக்குக் கடல் கடந்தோ மலை கடந்தோ வந்து சேரும் தளந்தான். ஆனால் அவர்கள் விருந்தினராக வருகிறார்கள். அணிவகுப்பு மைதானத்துக்கு மேஜர் ராமசாமி பரமேசுவரனின் பெயர் வழங்குகிறது. 1972-இல் இங்கிருந்து அதிகாரியாக வெளிவந்த அவர், 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் போர்க்களத்தில் உயிர் நீத்துப் பரம வீர சக்கரம் பெற்றவர். தன் மகளை எண்ணித் தமக்கை கொண்ட பயம் வெறும் பயமன்று என்பதை அந்தப் பெயர் எனக்கு நினைவூட்டாமல் இல்லை.

மீனம்பாக்கத்தில் இறங்கிச் சாலையோரம் நின்றேன். சிறிது நேரத்தில் அவள் வந்தாள், முகத்தில் களைப்பில்லை. ஒரு கையை மட்டும் அசைத்துவிட்டுப் போய்விட்டாள். பேசினால் மூச்சு வீணாகுமாம்!

அடுத்த வண்டி வரச் சற்றுத் தாமதம். பல்லாவரத்தில் இறங்கிக் காத்திருந்தேன். பழைய குன்றுகளின் ஊர் அது. 1863-இல் ராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர் ஆதிமனிதனின் கல்லாயுதம் ஒன்றை இங்கேதான் கண்டெடுத்தார். அந்த மனிதன் வேட்டைக்காக எத்தனை தூரம் ஓடினானோ என்று எண்ணிக்கொண்டே ஐந்து நிமிஷம் நின்றேன், பத்து நிமிஷம் நின்றேன், இருபது நிமிஷமாயிற்று. பால்காரர் போனார், பத்திரிகை போடும் பையன் போனான். அவளைக் காணோம். "மறுபடியும் உட்கார்ந்துவிட்டாளோ?" என்று மனம் அடித்துக்கொண்டது. வேறு வழியின்றி வண்டியேறினேன்.

குரோம்பேட்டை கடந்தது, சானடோரியம் வந்தது. டாக்டர் சௌரி முத்து 1928-இல் காசநோயாளிகளுக்காக ஆஸ்பத்திரி அமைத்த இடம். நல்ல காற்றைத் தேடி நோயாளிகள் வந்து, ஒவ்வொரு மூச்சையும் எண்ணி வாங்கிய பூமி அது. ஜன்னல் வழியே எட்டி எட்டிப் பார்த்தேன். சாலையில் ஓடுகிறவர் யாரும் தென்படவில்லை.

தாம்பரத்தில் இறங்கினால், நிலைய வாசலில் இளநீர் குடித்துக்கொண்டு நிற்கிறாள்! நான் பல்லாவரத்தில் இறங்குவதற்கு முன்னமே அவள் அதைக் கடந்துவிட்டாளாம். ரயிலேறிய சாட்சிதான் பின்தங்கிவிட்டான்.

"எத்தனை நிமிஷம்?" என்று கேட்டேன்.

"எழுபத்தேழு, மாமா. இரண்டு நிமிஷம் அதிகம்."

என் மனத்தில் சபலம் தட்டியது. "பார்த்தவர் யார்? எழுபத்து மூன்று என்று சொல்லிவிட்டால் போகிறது" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்" என்றாள்.

அப்போது வானத்தில் பயிற்சி விமானம் ஒன்று இரைந்துகொண்டு சென்றது போல் எனக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமையாதலால் அது பிரமையாகவும் இருக்கலாம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் விமானப் படை இறங்கிய தாம்பரம் தளத்தில், 1954 முதல் நம் விமானப் படையின் போதனாசிரியர்களுக்கான பள்ளி நடைபெறுகிறது. பறக்கக் கற்பிப்பவருக்கே கற்பிக்கும் இடம்!

வீட்டில் அவள் உள்ளதை உள்ளபடியே சொன்னாள். தமக்கை ஒன்றும் பேசவில்லை. மகளுக்கு இலை போட்டு இட்லி பரிமாறினாள். மூன்றாவது இட்லி வைக்கும்போது, "அந்த விண்ணப்பத்தில் நான் எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?" என்று கேட்டாள்.

இக்காலத்து விண்ணப்பத்தில் தாயாரின் கையெழுத்துக்கு இடமே கிடையாது. அதை நாங்கள் இருவரும் அவளிடம் சொல்லவில்லை.