மல்லாட்டைக் கொல்லையிலிருந்து லடாக் வரை

விவசாயி ஊரைவிட்டு 20 நாள் வெளியே போவது சின்ன விஷயம் இல்லை. பயிர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, மாடு எப்போது கன்று போடும், ஆள் கிடைக்குமா என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். திண்டிவனம் பக்கத்தைச் சேர்ந்த அந்த 44 வயது விவசாயி, டெல்லியிலிருந்து லடாக் வரை மோட்டார் சைக்கிளில் போகும் ஒரு குழுவில் பெயர் கொடுப்பதற்கு முன் இதையெல்லாம் கணக்குப் போட்டார்.

மூன்று ஏக்கர் மானாவாரி மல்லாட்டை. நிலக்கடலையை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஆடிப் பட்டத்தில் விதைத்து, 45-ஆம் நாள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைத்துவிட்டால், அதன் பிறகு செடியைத் தொந்தரவு செய்யக் கூடாது. விழுது மண்ணில் இறங்கும் நேரம் அது. அறுவடைக்கு 105 நாள். நடுவில் கிடைக்கிற செப்டம்பர்தான் அவருக்குத் தோதான மாதம். மணாலியிலிருந்து லே போகும் சாலையும் அப்போது திறந்திருக்கும். குளிர்காலம் வந்தால் பனி மூடிவிடும். இரண்டு கறவை மாடுகளை மனைவியும் அம்மாவும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

அவரிடம் இருப்பது பழைய புல்லட். வெள்ளைக்காரர் வண்டி என்றாலும் அதற்கும் நம் ஊருக்கும் உறவு பழையது. இங்கிலாந்து நிறுவனத்தோடு சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் 1955-இல் கைகோத்து, திருவொற்றியூரில் புல்லட்டைச் செய்ய ஆரம்பித்தது. அந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமே 20 ஆண்டுகளுக்கும் மேலாக டெல்லியிலிருந்து லடாக்குக்கு ஆண்டுதோறும் ஒரு நெடும்பயணத்தை நடத்திவருகிறது. 2016-இல் பெண்களுக்கென்று தனிக் குழுவும் கிளம்பியது. இதைப் பார்த்து, சின்னச் சின்னக் குழுக்களும் இப்போது நிறைய வந்துவிட்டன. அவர் சேர்ந்தது அப்படி ஒரு குழு. மொத்தம் 14 வண்டிகள்.

வீட்டில் அனுமதி அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. மனைவியின் தம்பி ஏழு வருடத்துக்கு முன் இறந்துபோனான். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டைகளோடு இரவெல்லாம் கண் விழித்துக் காத்திருந்துவிட்டு, விடியற்காலையில் பைக்கில் வீட்டுக்குத் திரும்பியவன், நின்றிருந்த லாரியின் பின்னால் மோதிவிட்டான். தூக்கக் கலக்கம். ஹெல்மெட் வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊருக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர்தான் பாக்கி.

அந்த அம்மா மூன்று நிபந்தனை போட்டார். "இருட்டுல ஓட்டக் கூடாது. ஹெல்மெட்டைக் கழட்டக் கூடாது. முடியலைன்னா நின்னுடணும். யாரு என்ன சொன்னாலும் நின்னுடணும்." குழுவினர் அனுப்பியிருந்த விதிமுறைத் தாளை, பத்தாவது படிக்கும் மகனை விட்டு இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் சொன்ன மூன்றும் அதில் இருந்தன. பிறகுதான் சரி என்றார்.

குழு எப்படி ஓடுகிறது?

பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு, வண்டியைச் சென்னையிலிருந்து ரயில் பார்சலில் டெல்லிக்கு அனுப்பினார். கூட்டமாகப் போகும் பைக் என்றால் சத்தமும் வேகமும்தான் இருக்கும் என்று நினைத்திருந்தார். டெல்லியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்ததோ வேறு.

முன்னால் போகும் வழிகாட்டியை யாரும் முந்தக் கூடாது. கடைசியில் வரும் அனுபவசாலிக்குப் பின்னால் யாரும் தங்கிவிடக் கூடாது. நடுவில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் கண்ணாடியில் பின்னால் வருகிறவரின் விளக்கைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். விளக்கு தெரியவில்லையா, வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்போதும் தெரியவில்லையா, ஓரமாக நின்றுவிட வேண்டும். ஒருவர் நின்றால் அவருக்கு முன்னால் போகிறவரும் நிற்பார். இப்படி வரிசை முழுவதும் தானாக நின்றுவிடும். முன் ஏர் போன வழியில்தான் பின் ஏர் போகும் என்பது ஊர்ப் பழக்கம். இங்கே வழியை முன்னால் போகிறவர் காட்டினாலும், வேகத்தைக் கடைசி ஆள் தீர்மானிக்கிறார்.

காலையில் புறப்படும் முன் அன்றைய வழி, ஆபத்தான இடங்கள், நிற்கும் இடங்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். மாலையில் தங்குமிடம் வந்ததும் முதல் வேலை சாப்பாடு இல்லை. செயினுக்கு எண்ணெய், டயரில் காற்று, பிரேக், தளர்ந்த போல்ட் எல்லாம் பார்த்த பிறகுதான் உட்கார வேண்டும். மூட்டை முடிச்சை ஒரு வேன் சுமந்து வரும். அதில் மெக்கானிக்கும் ஆக்சிஜன் சிலிண்டரும் உண்டு. ஒரு மருத்துவரும் கூடவே வந்தார். இருட்டிய பிறகு வண்டி எடுப்பது கிடையாது.

மூச்சு வாங்கும் உயரம்

சண்டிகர், குலு, மணாலி வழியாகப் போனார்கள். குலு பள்ளத்தாக்கில் ஆப்பிள் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. சாலை ஓரமெல்லாம் பெட்டிகள். மணாலிக்கு அப்பால் 2020-இல் திறந்த அடல் சுரங்கப் பாதை, 9 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் லாஹூல். முன்பெல்லாம் பனிக்காலத்தில் மாதக்கணக்கில் வெளி உலகத் தொடர்பே இல்லாமல் கிடந்த பகுதி. இப்போது அங்கே பட்டாணியும் உருளைக்கிழங்கும் பெரிய வருமானம். வயலில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். தாண்டி என்ற இடத்தில் பெட்ரோல் பங்க் அருகே, அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எழுதிய பலகை, அந்த வழியில் போகிறவர்கள் எல்லோருக்கும் பழக்கமானது. கேன்களிலும் நிரப்பிக்கொண்டார்கள்.

அங்கிருந்து மேலே பச்சை குறைந்து வெறும் கல்லும் மண்ணும்தான். பனி உருகி வரும் ஓடைகள் சாலையின் குறுக்கே பாய்கின்றன. வெயில் ஏற ஏறப் பனி உருகி, மதியத்துக்கு மேல் தண்ணீர் கூடும். அதனால் ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். வாய்க்கால் தண்ணீரோடு பழகிய ஆளுக்கு இது உடனே புரிந்தது.

புரியாதது உயரம். செஞ்சிக் கோட்டை ஏறியதுதான் அவர் அதுவரை ஏறிய பெரிய மலை. சார்ச்சு முகாம் சுமார் 14,000 அடி. அதைத் தாண்டி வரும் தங்லங் லா கணவாய் சுமார் 17,480 அடி. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கேயும் 21 சதவிகிதம்தான். ஆனால் உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. 17,500 அடியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், நம் ஊரில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. மனிதனுக்கு மட்டுமல்ல, இன்ஜினுக்கும் அதே கதி. புல்லட் இழுக்காமல் திணறியது.

சார்ச்சுவில் இரவு தூக்கம் வரவில்லை. தலைவலி. லே நகரம் 11,500 அடிதான் என்பதால் அங்கே இறங்கியதும் சரியாகிவிடும் என்று நினைத்தார். இரண்டு நாள் ஓய்வு கொடுத்தார்கள். விரல் நுனியில் மாட்டும் கருவியில் மற்றவர்களுக்கு ஆக்சிஜன் அளவு 90-ஐ ஒட்டி வந்தது. அவருக்கு இரண்டாம் நாள் மாலையும் 80-ஐத் தாண்டவில்லை. தலைவலி போகவில்லை. சாப்பாடு உள்ளே தங்கவில்லை.

மறுநாள் காலை கர்துங் லா. லேவிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர், 17,582 அடி. பயணத்தின் உச்சி அதுதான். 14 பேரும் அங்கே கொடியோடு நின்று படம் எடுத்துக்கொள்வதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தது.

மருத்துவர் விளக்கமாகச் சொன்னார். இந்த நிலையில் இன்னும் மேலே ஏறினால் நுரையீரலில் நீர் கோக்கலாம், மூளை வீங்கலாம். இரண்டுமே உயிரை எடுக்கும். உடம்பு பழகும் வரை ஏறாமல் இருக்க வேண்டும். மோசமானால் உடனே கீழே இறங்க வேண்டும். மாத்திரையை நம்பி ஏறுவது சூதாட்டம். கூட வந்த ஒருவர், "இவ்வளவு தூரம் வந்துட்டு விடலாமா அண்ணே? வேன்லயாவது வாங்க" என்றார். வேனில் போனாலும் உயரம் அதே உயரம்தான்.

அவருக்கு அழுகை வந்தது என்பதைப் பிறகு வீட்டில்தான் சொன்னார். மூன்று வருடம் பால் பணத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பயணம். ஆனால் அன்று இரவு மருத்துவரிடம் சொன்னது ஒரே வார்த்தை: "நிக்கிறேன்."

பார்லிக் களத்தில் ஒரு நாள்

ஆக்சிஜனும் ஓய்வும் கொடுத்த பிறகு, மறுநாள் மதியத்துக்கு மேல் தலை லேசானது. தங்கியிருந்த வீட்டுக்குப் பின்னாலேயே வயல். பார்லி அறுத்துக் களத்தில் கிடந்தது. அசையாமல் உட்காரச் சொல்லியிருந்ததால் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாலைக் காற்றுக்காக அந்த வீட்டுப் பெரியவர் காத்திருந்தார். காற்று வரவில்லை. விசில் அடித்துக் காற்றைக் கூப்பிட்டார். காற்று வந்ததும் தூற்ற ஆரம்பித்தார்கள். பொலி தூற்றும் எல்லா ஊருக்கும் காற்றுக்காகக் காத்திருப்பது பொது. விசில் அடித்துக் கூப்பிடுவதைத்தான் அவர் முதல் முறையாகப் பார்த்தார்.

வீட்டுப் பையனுக்கு இந்தி தெரியும். அவருக்கும் கொஞ்சம் தெரியும். பேசிப் பேசி விஷயம் பிடித்துக்கொண்டார். அங்கே வருடத்துக்கு மழையே சுமார் 10 சென்டிமீட்டர்தான். எல்லாம் பனி உருகும் தண்ணீர். கிராமத்துக்குத் தண்ணீர் முறை பிரித்துவிட ஓர் ஆளை நியமிக்கிறார்கள். பெயர் சுர்போன். நம் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி செய்கிற அதே வேலை. கூரைமேல் குளிர்காலத்துக்காகக் காயும் தீவனம், நம்மிடமும் இருக்கிற குதிரைமசால். மனிதக் கழிவை மண்ணோடு சேர்த்து மக்கவைத்து வயலுக்கே கொண்டுபோகிறார்கள். ஏப்ரல், மே மாதத்தில் விதைக்கும்போது தண்ணீர் வராது; பனி உருகுவது பிறகுதான். அதற்காகக் குளிர்காலத்து ஓடை நீரைத் தாழ்வான இடத்தில் தேக்கி உறைய வைக்கும் முறையைக் கொண்டுவந்தவர் செவாங் நோர்பெல் என்ற ஓய்வுபெற்ற பொறியாளர். 2015-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இருட்டும் முன் மற்ற 13 பேரும் கர்துங் லாவிலிருந்து இறங்கி வந்தார்கள். எல்லோரும் படம் காட்டினார்கள். அவர் பார்த்தார். வலிக்கத்தான் செய்தது.

மூன்று நாளில் உடம்பு தேறியது. கார்கில், ஸ்ரீநகர் வழி உயரம் குறைவு. அந்த வழியில் தன் வண்டியைத் தானே ஓட்டித் திரும்பினார்.

ஊருக்கு வந்த பிறகு

"உச்சிக்குப் போனியா?" என்றுதான் ஊரில் எல்லோரும் கேட்டார்கள். இல்லை என்றால் ஒரு சிரிப்பு. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரை உறுத்தியது வேறு. டெல்லியிலிருந்து லே வரை மிரட்டும் சாலையில் 14 பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. தம் ஊரிலிருந்து சந்தைக்குப் போகும் நேர் சாலையில் மச்சான் இறந்துபோனான். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாகவும், அதில் 100-க்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் என்றும் மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. பால் கேனும் தெளிப்பானும் கட்டிக்கொண்டு, பின்னால் இருவரை ஏற்றிக்கொண்டு, வெறும் தலையோடு நாம் தினமும் ஓட்டுவதும் நெடும்பயணம்தான். அதற்கு வழிகாட்டியும் இல்லை, கடைசியில் காவலுக்கு வருகிறவரும் இல்லை.

கார்த்திகை பிறக்கும் முன் மல்லாட்டை அறுவடை முடிந்தது. மூட்டைகள் டெம்போவில் போக, ஆட்கள் நான்கு பைக்கில் போனார்கள். அவர் சொன்ன ஏற்பாடு இது: நான்கு வண்டியும் சேர்ந்து போகும். எல்லோரும் ஹெல்மெட். இரவு விழித்திருந்தவர் ஓட்டக் கூடாது. தூங்கி எழுந்து, வெளிச்சம் வந்த பிறகுதான் திரும்ப வேண்டும். கடைசி வண்டி அவருடையது. இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஆனாலும் எட்டு மணிக்குத்தான் கிளம்பினார்கள். அந்த ஏற்பாட்டை யார் சொல்லி அவர் செய்தார் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. மனைவி மட்டும் அன்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படி ஒரு பயணம் கேட்கலாம். வேண்டாம் என்று தடுப்பதற்கு முன், நடத்துகிறவர்களிடம் ஐந்து கேள்வி கேளுங்கள். கூட மருத்துவரும் ஆக்சிஜனும் வருமா? உயரம் ஏறும் முன் உடம்பு பழக எத்தனை நாள் ஓய்வு? இருட்டில் ஓட்டுவார்களா? வண்டி பழுதானால் ஏற்றிவர வாகனம் உண்டா? நடுவில் ஒருவர் நின்றுவிட்டால் அவரோடு யார் இருப்பார்கள்? ரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் பெயர் கொடுக்க வேண்டாம்.

ஐந்தாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத குழுவோடு அனுப்பாதீர்கள்.