செராம்பூர்: அச்சகமும் பூட்டிய அறையும்

ஹூக்ளிக் கரையில் டேனிஷ்காரர்கள் விட்டுப்போன ஊர் இது. அங்கே குடியேறிய ஒரு இளம் ஆங்கிலேயக் குடும்பம் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அதற்கான விலையை, வர மறுத்த ஒருவர் கொடுத்தார்.

ஹவுராவிலிருந்து பண்டேல் போகும் லோக்கல் ரயிலில் ஏறினால் செராம்பூர் வந்து சேர முக்கால் மணி நேரம்கூட ஆகாது. வழிநெடுக உத்தர்பாரா, கொன்னகர், ரிஷ்ரா என்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட ஊர்கள், சணல் ஆலைகள், பழைய ஜமீன் மாளிகைகள். செராம்பூரில் இறங்கிக் கடைவீதி நெரிசலைத் தாண்டி நதிக்கரைக்கு வந்துவிட்டால் திடீரென்று சத்தம் அடங்கிவிடுகிறது. ஹூக்ளி இங்கே அகலமாக, சேற்று நிறத்தில், அவசரமில்லாமல் ஓடுகிறது. எதிர்க்கரையில் தெரிவது பாரக்பூர். பிரிட்டிஷ் கவர்னர் ஜெனரல்கள் ஓய்வெடுக்க மாளிகை கட்டிக்கொண்ட இடம்.

அந்தக் கரை பிரிட்டிஷாருடையது, இந்தக் கரை டென்மார்க்குடையது. 1755 முதல் 1845 வரை நிலவரம் இதுதான். மன்னர் ஐந்தாம் ஃப்ரெடரிக்கின் பெயரால் ஃப்ரெடரிக்ஸ்நகர் என்று டேனிஷ்காரர்கள் இதை அழைத்தார்கள். தமிழர்களுக்கு இது அந்நியக் கதை அல்ல. 1620 முதல் அவர்கள் கையில் இருந்த தரங்கம்பாடியும் இந்த ஊரும் ஒரே கொடியின்கீழ் இருந்தவை. 1845இல் இரண்டையும் சேர்த்தே கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய்.

அந்தக் காலத்தின் அடையாளங்கள் இன்றும் நிற்கின்றன. 1806இல் கட்டி முடிக்கப்பட்ட புனித ஓலாவ் தேவாலயத்தின் முகப்பில் டென்மார்க் மன்னர் ஏழாம் கிறிஸ்டியனின் முத்திரை இருக்கிறது. இடிந்து விழும் நிலையிலிருந்த இந்தக் கோயில் செப்பனிடப்பட்டு, 2016இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதைப் பெற்றது. நதியைப் பார்த்தபடி இருந்த பழைய டேனிஷ் விடுதியும் புதுப்பிக்கப்பட்டு 2018இல் திறக்கப்பட்டது. சற்றுத் தள்ளி, உயர்ந்த தூண்களுடன் செராம்பூர் கல்லூரி. 1818இல் தொடங்கி, 1827இல் டென்மார்க் மன்னரின் சாசனம் மூலம் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. மதுரை அரசரடியில் இறையியல் படித்துவிட்டு வரும் போதகர் இன்றும் தன் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் பி.டி. பட்டம் செராம்பூரின் பெயரால் வழங்கப்படுவதுதான்.

இத்தனைக்கும் மூலகாரணம் என்று எல்லோரும் சொல்லும் பெயர் வில்லியம் கேரி. செருப்புத் தைத்தவர், பிறகு பாதிரியார், பிறகு மொழிபெயர்ப்பாளர், பேராசிரியர், தாவர ஆர்வலர். கல்லூரியிலும் நூலகத்திலும் அவர் பெயர்தான். ஆனால் இந்தக் கரைக்கு அவர் தனியாக வரவில்லை. ஒரு குடும்பம் வந்தது.

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் பகுதியில் 1781இல் கேரிக்கும் டாரதி பிளாக்கெட்டுக்கும் திருமணம் நடந்தபோது அவருக்கு வயது 19. டாரதி சில வயது மூத்தவர். எழுதத் தெரியாததால் திருமணப் பதிவேட்டில் சிலுவைக் குறி போட்டார். அடுத்த சில ஆண்டுகளில் இரண்டு பெண் குழந்தைகளைப் பறிகொடுத்தார்கள். மூன்று பையன்கள் தங்கினார்கள். 1792இல் கேரியும் நண்பர்களும் சேர்ந்து பாப்டிஸ்ட் மிஷனரி சங்கத்தை அமைத்தார்கள். அதன் சார்பில் இந்தியாவுக்குப் போக கேரி முன்வந்தார்.

டாரதி மறுத்துவிட்டார். கடலையே பார்த்திராத கிராமத்துப் பெண். கையில் மூன்று பிள்ளைகள், வயிற்றில் ஒன்று. போகும் இடமோ திரும்பி வருவது நிச்சயமில்லாத தேசம். கேரி மூத்த மகன் ஃபீலிக்ஸை மட்டும் அழைத்துக்கொண்டு 1793 வசந்தத்தில் கிளம்பிவிட்டார். கம்பெனியின் அனுமதிச் சீட்டு இல்லாததால் கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்டார். இந்தத் தடங்கல் டாரதியின் வாழ்க்கையை மாற்றியது. கேரியும் அவருடைய கூட்டாளி டாக்டர் ஜான் தாமஸும் வீட்டுக்குத் திரும்பி வந்து மறுபடி கேட்டார்கள். கைக்குழந்தைக்கு அப்போது வயது மூன்று வாரம். டாரதி மறுபடியும் மறுத்தார். தாமஸ் தனியாகத் திரும்பிச் சென்று, இப்போது வராவிட்டால் குடும்பம் என்றென்றைக்கும் சிதறிப்போகும், வாழ்நாள் முழுக்க வருந்துவீர்கள் என்று எச்சரித்தார். தங்கை கேத்தரினும் உடன் வந்தால் வருகிறேன் என்றார் டாரதி. தங்கை சம்மதித்தார். அவசர அவசரமாகச் சாமான்களை விற்று, மூட்டை கட்டி, ஜூன் 13ஆம் தேதி டோவரில் ஒரு டேனிஷ் கப்பலில் ஏறினார்கள். நவம்பர் 11ஆம் தேதி கல்கத்தா.

பிறகு நடந்தது அலைச்சல். கம்பெனி அனுமதி கிடையாது, கையில் பணம் இல்லை. கல்கத்தா, பண்டேல், மாணிக்தலா, அப்புறம் சுந்தரவனக் காட்டோரம் தேப்ஹட்டா என்று ஒரே வருடத்தில் வீடு மாறிக்கொண்டே இருந்தார்கள். டாரதிக்கும் ஃபீலிக்ஸுக்கும் கடும் வயிற்றுக்கடுப்பு. துணைக்கு வந்த தங்கை தேப்ஹட்டாவில் கம்பெனி அதிகாரி ஒருவரைத் திருமணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டார். டாரதி வைத்த ஒரே நிபந்தனையும் அத்தோடு போயிற்று. இங்கிலாந்திலிருந்து ஒரு வருடத்துக்கு மேலாக ஒரு கடிதம்கூட வரவில்லை.

1794இல் மால்டாவுக்கு வடக்கே முத்னாபட்டியில் அவுரித் தொழிற்சாலை மேலாளர் வேலை கிடைத்தது. சம்பளம், வீடு, கொஞ்சம் நிம்மதி. சில மாதங்கள்தான். அக்டோபரில் ஐந்து வயது பீட்டர் காய்ச்சலில் இறந்தான். பையனைப் புதைக்க ஆள் கிடைப்பதே பெரும்பாடாயிற்று. பிணத்தைத் தொட்டால் சாதி போய்விடும் என்ற பயம். கடைசியில் முஸ்லிம்கள் சிலர் குழி தோண்ட முன்வந்தார்கள்.

அந்தச் சாவிலிருந்து டாரதி மீளவே இல்லை. 1795 வாக்கில் மனம் பேதலித்தது. கணவர் தனக்குத் துரோகம் செய்கிறார் என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. தெருவில் பின்தொடர்ந்து வந்து திட்டினார். கத்தியைக் காட்டி மிரட்டியதும் உண்டு. மற்ற விஷயங்களில் தெளிவாகப் பேசியதால் முதலில் சிலர் அவர் சொல்வதை நம்பவும் செய்தார்கள். 1796இல் இன்னொரு மகன் பிறந்தான். நிலைமை மாறவில்லை. அவரை அறையில் பூட்டி வைக்கத் தொடங்கினார்கள்.

இந்தக் குடும்பத்தைத்தான் 1800 ஜனவரி 10ஆம் தேதி செராம்பூர் வரவேற்றது. அவுரித் தொழில் நொடித்துப்போயிருந்தது. இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்த மிஷனரிக் குடும்பங்களைக் கம்பெனி தன் எல்லைக்குள் விடவில்லை. அவர்களுக்கு இடம் தந்தவர் டேனிஷ் கவர்னர் ஓலே பீ. பிரிட்டிஷாரின் நெருக்குதலுக்கு அவர் மசியவில்லை. எனவே கேரியும் இங்கேயே வந்து சேர்ந்தார்.

ஒரு பெரிய வீடு, தோட்டம், ஒரே சமையல், பொது உண்டியல். ஆளுக்கு ஒரு மாதம் முறைவைத்து வீட்டு நிர்வாகத்தைக் கவனித்தார்கள். சனிக்கிழமை மாலை கூடி, வாரத்தில் எழுந்த மனக்கசப்புகளைப் பேசித் தீர்த்துக்கொள்வது என்று விதி. பின்னால் கேரி ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் சம்பாதித்த சம்பளமும் இந்தப் பொது நிதிக்கே வந்தது. வாழ்க்கை சுலபமாக இல்லை. 1799 அக்டோபர் தொடங்கி இரண்டே ஆண்டுகளுக்குள் இந்தக் குழுவில் நான்கு ஆண்கள் இறந்தார்கள். டாக்டர் தாமஸ் அவர்களில் ஒருவர்.

வீடு நின்றது ஒரு பெண்ணால். ஹன்னா மார்ஷ்மன் 1800இலேயே கணவர் ஜோஷுவாவுடன் விடுதிப் பள்ளி தொடங்கினார். அதன் வருமானம்தான் குழுவின் முதுகெலும்பு. பன்னிரண்டு பிள்ளைகள் பெற்று ஆறு பேரைப் புதைத்தவர் அவர். தாய் இருந்தும் இல்லாமல், தகப்பன் புத்தகத்தில் மூழ்கியிருக்க, கட்டுப்பாடில்லாமல் திரிந்த கேரியின் மகன்களைச் சோறு போட்டு வளர்த்ததும் அவர்தான். அச்சகத்தை நடத்திய வில்லியம் வார்டு ஃபீலிக்ஸை அருகில் வைத்துப் பழக்கினார்.

1800 டிசம்பர் 28ஆம் தேதி ஹூக்ளியில் இரண்டு பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஒருவர் ஃபீலிக்ஸ். மற்றவர் தச்சர் கிருஷ்ண பால், வங்காளத்தில் இந்த மிஷனின் முதல் விசுவாசி. கேரி ஏழு வருடம் காத்திருந்த நாள். கவர்னர் உட்பட ஊரே படித்துறையில் கூடியிருந்தது. அதே நேரத்தில் மிஷன் வீட்டுக்குள் டாரதி அடைபட்ட அறையிலிருந்து கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார். சந்தோஷ அதிர்ச்சியில் டாக்டர் தாமஸுக்கும் புத்தி தடுமாறி அவரையும் கட்டுப்படுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

மறு ஆண்டு வங்காளிப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. எழுத்து வெட்டுவதில் கைதேர்ந்த பஞ்சானன் கர்மகாரும் அவர் மருமகன் மனோகரும் மொழிக்கு மொழி அச்செழுத்து வார்த்தார்கள். 1812 மார்ச்சில் அச்சகம் எரிந்தபோது கையெழுத்துப் பிரதிகள் பலவும் தமிழ் உட்படப் பல மொழிகளின் எழுத்துகளும் அழிந்தன. மறுபடி வார்த்து ஓட்டினார்கள். 1818இல் 'சமாச்சார் தர்ப்பண்' என்ற வங்காளிப் பத்திரிகை இங்கிருந்து வந்தது. நாற்பது மொழிகள் வரை அச்சேறியதாகச் செராம்பூருக்குப் பெருமை. அந்த முதல் ஏழெட்டு ஆண்டுகள் கேரி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது எங்கே என்றால், அடுத்த அறையில் மனைவி கதறிக்கொண்டிருந்த வீட்டில். பைத்தியக்கார விடுதிக்கு அனுப்பிவிடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. கேரி சம்மதிக்கவில்லை. 1807 டிசம்பர் 8ஆம் தேதி காய்ச்சலில் டாரதி இறந்தார். பன்னிரண்டு வருடம் நோயோடு இருந்தவர்.

அடுத்த ஆண்டே கேரி, இதே ஊரில் வசித்த சார்லட் ருமோர் என்ற பெண்மணியை மணந்தார். படித்தவர், பல மொழி தெரிந்தவர், கேரியின் வேலையில் பங்கெடுத்தவர். 1821இல் அவரும் இறக்க, கேரி மூன்றாவது முறையும் மணம் புரிந்தார். ஃபீலிக்ஸ் பர்மா போனார். 1814இல் ஐராவதி நதியில் படகு கவிழ்ந்து மனைவியும் பிள்ளைகளும் மூழ்கினார்கள். சில காலம் நிலைகொள்ளாமல் அலைந்து, செராம்பூர் திரும்பி, வங்காளியில் உடற்கூறு நூல் எழுதி, 1822இல் தகப்பனுக்கு முன்பே இறந்தார்.

கேரியைக் கொடுமைக்கார கணவர் என்று சொல்லிவிடுவது எளிது. அது நியாயமாகாது. மனநோய்க்கு மருந்து என்று எதுவும் இல்லாத காலம் அது. விடுதி என்றால் சங்கிலி. மனைவியைக் கைவிடாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். ஆனால் புனிதக் கதையாக மட்டும் சொல்வதும் நியாயமாகாது. டாரதி இரண்டு முறை மாட்டேன் என்று சொன்னார். இரண்டு முறையும் அந்தப் பதில் பதிலாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. நெடுங்காலம் கேரியின் வரலாற்றை எழுதியவர்கள் பலருக்கும் டாரதி ஒரு இடைஞ்சல், பெரிய மனிதரின் பொறுமைக்கு வந்த சோதனை. அவரைப் பற்றித் தெரிவதும் பெரும்பாலும் மற்றவர்கள் எழுதிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் சொல்வதுதான்.

இது பழங்கதையும் அல்ல. தென் மாவட்டங்களிலிருந்து பீஹாருக்கும் ஜார்க்கண்டுக்கும் குஜராத்துக்கும் ஊழியத்துக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. பாஷை தெரியாத ஊர், வாடகை வீடு, விடுதியில் விடப்பட்ட பிள்ளைகள். அழைப்பு கணவருக்கு வந்தது என்றால் மனைவியையும் தனியாகக் கேட்க வேண்டும் என்று அனுப்பும் சங்கங்கள் இப்போது பேசுகின்றன. அதைக் கற்றுக்கொள்ள நீண்ட காலம் ஆயிற்று.

கல்லூரியிலிருந்து சிறிது தூரத்தில் மிஷன் கல்லறைத் தோட்டம். கேரி, மார்ஷ்மன், வார்டு மூன்று பேரும் இங்கேதான் இருக்கிறார்கள். கேரி 41 ஆண்டுகள் தாய்நாடு திரும்பாமலே 1834 ஜூன் 9ஆம் தேதி, 72ஆம் வயதில் காலமானார். தன்னை எங்கே அடக்கம் செய்ய வேண்டும் என்று உயிலில் எழுதி வைத்திருந்தார். இரண்டாவது மனைவி சார்லட்டின் பக்கத்தில். அப்படியே செய்தார்கள்.

அவரைப் பார்க்க வருகிறவர்கள் பூ வைத்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். டாரதியும் இதே செராம்பூர் மண்ணில்தான் இருக்கிறார். இவ்வளவு தூரம் வருகிறவர்கள் அவர் பெயரையும் ஒருமுறை சொல்லிவிட்டுப் போகலாம்.