அரங்கன் ஊரில் ஒரு ரப்பர்க் குழாய்

வீட்டைப் பூட்டிக்கொண்டு பிரயாணம் கிளம்பியிருப்பீர்கள். வீட்டையே காரின் பின்னால் கோத்து இழுத்துக்கொண்டு கிளம்பியதுண்டா? போன தை மாதம் நாங்கள் அப்படித்தான் கிளம்பினோம்.

எல்லாம் என் மைத்துனரின் கைங்கரியம். இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைத் தியாகம் செய்து, இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு குட்டி வீட்டைக் கட்டி முடித்திருந்தார். உள்ளே மூன்று படுக்கை, ஓர் அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி. ஜன்னலுக்குத் திரைகூட உண்டு. அது என் மனைவி தைத்தது. எழுபத்துநாலு வயசு அத்தைக்கு ஓட்டல் படுக்கை ஒத்துக்கொள்ளாது, ஓட்டல் காப்பி அதைவிட ஒத்துக்கொள்ளாது. ஆகவே அத்தையே முதலில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். (ஓடும்போது இணைவண்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது என்று சொல்லி, அவளைக் காருக்கு இறக்கிக்கொண்டு வர அரை மணியாயிற்று.)

ஸ்ரீரங்கத்தில் இரண்டு நாள், அப்புறம் கொல்லிமலை. இதுதான் திட்டம். கொல்லிமலைப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன என்பதை மைத்துனர் ஏதோ பலகாரத்தின் எண்ணிக்கையைச் சொல்வது போல ஆசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

பெரம்பலூர், பாடாலூர் தாண்டிச் சமயபுரம் நெருங்கும்போது அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏண்டா, ஏதோ கருகற வாசனை வரதே?"

"வயலிலே வைக்கோல் கொளுத்தறாங்க, அத்தை" என்றேன். வைக்கோல் எதுவும் கண்ணில் படவில்லைதான். ஆனாலும் அறுபது மைல் வேகத்தில் போகிறவனுக்கு ஏதாவது ஒரு சமாதானம் வேண்டாமா?

கொள்ளிடப் பாலத்தில் ஏறியதும் வாசனையாவது கருகலாவது! தென்னை மரங்களுக்கு மேலே ராஜகோபுரம் எழுந்து நின்றது. பதின்மூன்று நிலை, 236 அடி. அடித்தளத்தோடு நூற்றாண்டுக் கணக்கில் மொட்டையாகக் கிடந்த கோபுரம் 1987-ல்தான் பூர்த்தியாயிற்று. அத்தை தன் கல்யாணத்தின்போது பார்த்தது அந்த மொட்டைக் கோபுரத்தைத்தான். இப்போது கன்னத்தில் போட்டுக்கொண்டாளே தவிர, வெகு நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை.

தெரிந்தவர் ஒருவரின் தென்னந்தோப்பில் வண்டியை நிறுத்தினோம். மறுநாள் விடியற்காலை, அம்மா மண்டபத்தில் ஸ்நானம் செய்யப் புறப்பட்டபோது, இணைவண்டியின் இடது சக்கரத்தடியில் உள்ளங்கை அளவு ஈரம்.

"பனி" என்றார் மைத்துனர்.

"பனி ஒரு சக்கரத்தடியிலே மட்டுமா பெய்யும்?" என்றாள் என் மனைவி. குனிந்து பார்த்தால், ஈரம் பட்ட இடத்தில் சக்கரத்தின் வர்ணம் அப்பளம் மாதிரிப் பொரிந்து உரிந்திருந்தது. பிரேக் திரவத்துக்கு அந்தக் குணம் உண்டு; வர்ணத்தைத் தின்றுவிடும். பட்ட இடத்தை உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

இந்த பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பதை முறுக்கு அச்சு பிடித்த கைகளுக்குச் சொல்வது சுலபம். மேலே ஓர் இடத்தில்தான் அழுத்துகிறீர்கள். கீழே எல்லாக் கண்ணிலும் மாவு இறங்குகிறது. அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவும் என்பதை பிரெஞ்சு தேசத்துப் பாஸ்கல் எழுதிவைத்தார்; அவர் காலமான மறு வருஷம், 1663-ல் அந்தப் புத்தகம் வெளிவந்தது. எங்கள் வண்டியில் அழுத்துவது காலல்ல, வண்டியின் பளுவேதான். கார் வேகம் குறைந்ததும் பின்னால் வருகிற வீடு முன்னே முட்டுகிறது. அந்த முட்டு, இணைப்பில் உள்ள ஒரு தண்டைத் தள்ளுகிறது. தண்டு திரவத்தைத் தள்ளுகிறது. திரவம் சக்கரத்தைப் பிடிக்கிறது. வழியெல்லாம் இரும்புக் குழாய். ஆனால் அச்சு மேடு பள்ளத்தில் குதிக்குமே? அங்கே ஒன்றரை சாண் நீளத்துக்கு ரப்பர்க் குழாய். கசிந்தது அதுதான்.

மைத்துனர் அதன்மேல் ஒட்டுநாடா சுற்றத் தயாரானார். "அழுத்தம் வந்தால் அது நிற்குமா?" என்று மனைவி கேட்டாள். பதில் வரவில்லை. குழாயைக் கழற்றி, கசிவு நிற்க இரும்பு முனையை அடைத்துவிட்டு, குழாயை ஒரு பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு மூவரும் காரில் கிளம்பினோம். அத்தை கோயிலுக்கு.

திருச்சி என்றால் மலைக்கோட்டையும் உச்சிப்பிள்ளையாரும் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அது இரும்பு தெரிந்த ஊர். பொன்மலையில் ரயில் பட்டறை 1928-லிருந்து நடக்கிறது. திருவெறும்பூரில் 1965-ல் வந்த பெல் ஆலை கொதிகலன் செய்கிறது. அவற்றைச் சுற்றி எத்தனை சிறு பட்டறைகள்! பால்பண்ணைப் பக்கம் போனால் லாரிகளுக்கு நடுவே ரப்பர்க் குழாய்கள் சாரைப் பாம்பு போலச் சுருண்டு தொங்குகின்றன. டெல்டாவில் அறுவடைக் காலம் வேறு. அறுவடை இயந்திரக்காரர்கள் வெடித்த குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

கடைப் பையன் எங்கள் குழாயைப் பார்த்ததும், "பத்தே நிமிஷம் சார். இதே அளவு வெட்டி, ரெண்டு முனையிலும் நெரிச்சுக் குடுத்துடறேன்" என்றான். மைத்துனர் முகம் மலர்ந்தது. அப்போது உள்ளே உட்கார்ந்திருந்த பெரியவர் கையை நீட்டினார். எல்லாரும் அவரை 'பாய்' என்றே கூப்பிட்டார்கள். குழாயின் மேல் அச்சிட்டிருந்த எழுத்தைக் கண்ணாடியை உயர்த்திப் படித்தார். முகர்ந்தார்.

"இது எந்த வண்டியிலே இருந்தது?"

மைத்துனர் சொன்னார்.

"இதை யாரு போட்டது?"

மைத்துனர் லாரிகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

பாய் கத்தியை எடுத்துக் குழாயை நீளவாட்டில் கீறினார். வெளித்தோல் புத்தம் புதுசு. நடுவே கம்பி வலையும் பளபளவென்று இருந்தது. உள்தோலோ பாலில் ஊறிய அவல் மாதிரி உப்பி, நகம் பட்டால் நசுங்கிற்று. துவாரம் ஓர் ஈர்க்குச்சி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"அறுவடை மிஷின்லே ஓடுறது மண்ணெண்ணெய் மாதிரி பூமியிலேருந்து வர்ற எண்ணெய். இந்த ரப்பர் அதுக்குத்தான். பிரேக்லே ஊத்துறது வேற ஜாதித் திரவம். அது இந்த ரப்பரை ஊற வச்சுடும். பிரேக் ரப்பரிலே எண்ணெய் ஊத்தினா அது கெட்டுப் போகும். ஒண்ணுக்கு ஒண்ணு ஆகாது."

"ஊறுகாயை அலுமினியத்திலே போட்டு வைக்கற மாதிரி" என்றாள் என் மனைவி. பாய் அவளை முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார்.

"அப்படித்தாம்மா. துவாரம் சின்னதாயிட்டா, அழுத்தினப்போ போன திரவம் விட்டப்போ திரும்பாது. பிரேக் பிடிச்சபடியே ஓடும். வாசனை வந்திருக்கணுமே?"

வைக்கோல் கொளுத்தினது யார் என்று இப்போது தெரிந்தது.

பக்கத்தில் ஓர் இளைஞன் தன் இயந்திரத்துக் குழாயில் எங்கே ஓட்டை என்று விரலால் தடவிப் பார்த்த கதையைப் பெருமையாகச் சொன்னான். பாய் அவனைப் பிடித்துக்கொண்டார். ஊசித் துவாரத்தில் பீறும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடுமாம். வெளியே கொசு கடித்த தழும்புதான் தெரியும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் அறுத்துச் சுத்தம் செய்யாவிட்டால் விரல், சில சமயம் கையே போய்விடும். அட்டையைக் காட்டிப் பார். கையைக் காட்டாதே என்றார். வீட்டில் யாராவது டிராக்டர், பொக்லைன் ஓட்டுகிறவர்கள் இருந்தால், சகோதரிகளே, இந்த ஒரு வரியை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

எங்களுக்கு நெரித்த குழாய் வேண்டாம் என்று சொல்லி, ஜீப்பு வகைகளுக்கு வரும் பிரேக் குழாய்களில் மரை ஒத்துப்போகிற ஒன்றைத் தேடி எடுத்தார். "தேதி போட்டிருக்கா?" என்று மனைவி கேட்டாள், காஸ் அடுப்பு ரப்பர்க் குழாயைத் தேதி பார்த்து மாற்றுகிறவள் அவள். போட்டிருந்தது. சீல் உடைக்காத ஒரு டின் பிரேக் திரவமும் புதுச் செம்பு வளையங்களும் வாங்கிக்கொண்டோம். திறந்து வைத்த டின் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும். ஈரம் குடித்த திரவம் சீக்கிரம் கொதித்து பிரேக்கைக் கைவிடும்.

"அடுத்தது எங்கே பயணம்?" என்றார் பாய். கொல்லிமலை என்றதும் சிரிக்கவில்லை. "இறக்கம் பூராவும் பின்னாலே இருக்கறது தள்ளிக்கிட்டே வரும். தள்ளினா பிரேக் பிடிக்கும். விடவே விடாது. நல்ல குழாயா இருந்தாலும் சக்கரம் காய்ஞ்சு போகும். அடிவாரத்திலே அவிழ்த்துட்டுப் போங்க சார்."

மத்தியானம் தோப்பில் வேலை. சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, குழாயை முறுக்கேறாமல், டயரில் உரசாமல், அச்சு குதித்தாலும் விறைக்காத நீளத்தில் பூட்டினோம். ஒரு சாவியால் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் திருக வேண்டும். இல்லையென்றால் புதுக் குழாயும் திருகிக்கொள்ளும். அப்புறம் காற்றை வெளியேற்றும் படலம். மைத்துனர் இணைப்புத் தண்டை நெம்புவார், நான் சக்கரத்து மூக்கைத் திறந்து மூடுவேன், என் மனைவி கண்ணாடிச் சீசாவைப் பிடித்துக்கொண்டு, "குமிழி வருது... இன்னும் வருது... ரப்பர் துணுக்குகூட வருது" என்று வர்ணனை செய்வாள். முதலில் தூரத்துச் சக்கரம், பிறகு கிட்டத்துச் சக்கரம். துணுக்கு நின்று, குமிழி நின்று, தெளிந்த திரவம் வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. தோப்புக்குள் நாலு தடவை ஓட்டி நிறுத்திப் பார்த்தோம். சக்கரம் தொட்டால் சுடவில்லை.

சாயங்காலம் சித்திரை வீதியில் நடந்தோம். சித்திரைத் தேர் ஓடும் வீதி. தேரை நிறுத்துவது சக்கரத்தடியில் சரியான க்ஷணத்தில் கொடுக்கும் முட்டுக்கட்டை. ஆனால் திருவாரூரில் 96 அடி உயர ஆழித்தேருக்குத் திருச்சி பெல் ஆலைதான் இரும்புச் சக்கரமும் திரவ அழுத்த பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறது என்று சொன்னேன். மைத்துனர் சட்டென்று நின்றார்.

"அதுக்கு என்ன குழாய் போட்டிருப்பாங்க?"

"நீங்க போட்டது இல்லே" என்றாள் அவர் தங்கை.

ராத்திரி படுக்குமுன் சக்கரத்தடியில் ஒரு பெரிய வெள்ளை அட்டையை விரித்து வைத்தேன். விடிந்ததும் டார்ச்சோடு ஓடிப் போய்ப் பார்த்தால் அட்டையைக் காணோம். அத்தை அதைத் தோப்பு மணலில் போட்டு உட்கார்ந்து, காவேரியைப் பார்த்தபடி காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் எழுந்திரு அத்தை!"

திருப்பிப் பார்த்தேன். ஒரு சொட்டு இருந்தது. முகர்ந்தேன். டிகாக்ஷன்.