நாகசாகியின் முரசொலி

ஜப்பான் நாட்டின் நாகசாகி நகரில் ஆண்டுதோறும் அக்டோபர் 7, 8, 9 ஆகிய நாள்களில் சுவா ஆலயத்தின் இலையுதிர்காலப் பெருவிழா நடைபெறுகிறது. 'குன்ச்சி' என்பது அதன் பெயர். நகரின் பகுதிகள் முறை வைத்து, ஏழாண்டுகளுக்கு ஒருமுறை ஆடல் படைக்கின்றன. சீனரிடம் கற்ற பறவைநாக ஆட்டம், சக்கரங்களின்மேல் சுழன்றுவரும் ஒல்லாந்தர் கப்பல் எனக் காட்சிகள் தொடரும். சிறுவர் நால்வர் அமர்ந்து முரசு கொட்டும் மேடையை ஆடவர் வான்நோக்கி எறிந்து ஒரு கையால் ஏந்துவர். ஆலயப் படிகளில் அமர்ந்திருப்போர், 'மொத்தெகோய்!', அதாவது 'மீண்டும் கொண்டு வா!' என ஆர்ப்பரிப்பர்.

எவ்வூர் விழாவாயினும் நம் உள்ளம் மகிழும். ஆயினும், இவ்விழாவின் வரலாற்றைப் படிக்கையில் நெஞ்சில் ஒரு முள் தைக்கிறது. இந்நகரின் நிஷிசாகா குன்றில்தான் 1597-இல் மறைசாட்சியர் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டனர். 1614-இல் நாடெங்கும் நம் மறை தடை செய்யப்பட்டது. 1634-இல் பெண்கள் இருவர் சுவா ஆலயத்தின்முன் ஆடிய நடனமே குன்ச்சியின் தொடக்கம். மக்களைக் கிறிஸ்துவிடமிருந்து விலக்கும் கருவியாகக் கண்டே ஆட்சியாளர் அவ்விழாவை வளர்த்தனர். அம்முரசொலியில் நாம் எவ்வாறு மகிழ்வது?

வரலாற்றின் முந்தைய ஏட்டையும் நாம் புரட்ட வேண்டும். முத்துக்குளித்துறையில் உழைத்த புனித சவேரியார் 1549-இல் ககோஷிமாவில் கரையிறங்கி ஜப்பானில் நற்செய்தி விதைத்தார். 1580-இல் நாகசாகி இயேசு சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்காலத்தில் அங்கிருந்த வழிபாட்டிடங்களைக் கிறிஸ்தவர்களே அழித்தனர். 1625-இல் சுவா ஆலயம் மீண்டும் எழுப்பப்பட்டது என்னும்போது, அந்த 'மீண்டும்' என்ற சொல்லில் நம் மரபினரின் செயலும் அடங்கியிருக்கிறது. மறைசாட்சியரின் குருதியைப் போற்றும் நாம் இச்சாம்பலையும் நினைவில் கொள்வதே நேர்மை.

மறைவில் செபித்த விசுவாசிகள் 1865-இல் ஓவுரா ஆலயத்தில் தம்மை வெளிப்படுத்தினர். 1873-இல் தடை அகன்றது. 1945 ஆகஸ்ட் 9-இல் விழுந்த அணுகுண்டு கத்தோலிக்கரையும் பிறரையும் பிரித்துப் பார்க்கவில்லை. உராக்காமிப் பேராலயம் இடிந்தது; பின்னர் எழுந்தது. இன்று ஒரே நகரில் அதன் மணியும் ஒலிக்கிறது. குன்ச்சியின் முரசும் ஒலிக்கிறது.

மன்னித்தல் என்பது நடந்ததை மறைத்தல் அன்று. இருதரப்பு ஏடுகளையும் திறந்து வைத்தபின் கைநீட்டுவதே மன்னிப்பு. முரசு மேடையில் அமர்ந்திருக்கும் அச்சிறுவர் நால்வருக்கும் பழைய பகையில் பங்கேது? அவர்களின் முரசொலியை மகிழ்ந்து கேட்போம். மறைசாட்சியருக்காகச் செபிக்கவும் மறவோம்.