தடுத்து நிறுத்தலாம், எதுவரை?

கடவுளின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஆயுதம் ஏந்தி வருவோரைப் படைபலத்தால் எதிர்ப்பது கிறிஸ்தவனுக்குத் தகுமா? 2014-ஆம் ஆண்டில், ஈராக் நாட்டின் நினிவே சமவெளியில் வாழ்ந்த நம் சகோதரர்களுக்கு இது ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை.

அவ்வாண்டு ஜூன் திங்களில் மோசூல் நகரம், ‘இஸ்லாமிய அரசு’ எனத் தம்மை அழைத்துக்கொண்ட கூட்டத்தாரின் கையில் விழுந்தது. ஜூலையில் கிறிஸ்தவர்களின் வீட்டுச் சுவர்களில், ‘நசரேயர்’ என்பதைக் குறிக்கும் அரபி எழுத்து ஒன்று வரையப்பட்டது. மதம் மாறு, அல்லது தலைவரி செலுத்து, அல்லது வெளியேறு. இல்லையேல் வாள் என்று கெடு விதித்தார்கள். ஆகஸ்டு 3-ஆம் நாள் சிஞ்சார் பகுதியில் யசீதி மக்கள்மேல் பாய்ந்தார்கள். ஆண்களைக் கொன்றார்கள், பெண்களை அடிமைகளாக விற்றார்கள். ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, காவலுக்கு நின்ற குர்துப் படையினர் பின்வாங்கவே, காராக்கோஷ் என்னும் கிறிஸ்தவ ஊர் ஏறக்குறைய முழுவதும் காலியாயிற்று. சமவெளியிலிருந்து ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் எர்பில் பக்கமாக ஓடி, கோவில் வளாகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் படுத்துறங்கினர். நம் ஆண்டவர் பேசிய அரமேயிக் மொழியின் வழிவந்த மொழியை இன்றும் பேசுகிற மக்கள் இவர்கள்.

எங்கள் வீட்டில் இது பற்றிப் பலமுறை வாதம் நடந்திருக்கிறது. என் தம்பி பங்கில் உபதேசியார். அத்தானோ தரைப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கெத்செமனித் தோட்டத்தில் இராயப்பர் உருவிய வாளை ஆண்டவர் உறையில் போடச் செய்தாரே, இதற்குமேல் என்ன சான்று வேண்டும் என்பான் தம்பி. “மாப்பிள்ளை, அங்கே ஆண்டவர் தம்மைக் காத்துக்கொள்ளத்தான் மறுத்தார். பக்கத்து வீட்டுக் குழந்தையைக் காக்காதே என்று எங்கே சொன்னார்?” என்பார் அத்தான். அவர் படித்தறிந்து சொன்னதன்று; ஆயினும் நான்காம் நூற்றாண்டிலேயே புனித அம்புரோசியார், காக்க முடிந்தும் தோழனைக் காவாதவன் தாக்கியவனுக்கு ஒப்பான குற்றவாளி என்று எழுதியிருக்கிறார். என் கன்னத்தை நான் திருப்பிக் காட்டலாம். பிறர் கன்னத்தைத் திருப்பிக் காட்ட எனக்கு ஏது உரிமை? இம்மட்டில் நான் அத்தான் பக்கமே.

ஆனால், அக்கூட்டம் வானத்திலிருந்து குதித்ததன்று. 2003-ஆம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்கா ஈராக்கின்மேல் படையெடுக்க முனைந்தபோது, திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் கர்தினால் பியோ லாகியைத் தூதராக அதிபர் புஷ்ஷிடம் அனுப்பிப் போர் வேண்டாமென்று மன்றாடினார். அவர் சொல் ஏறவில்லை. படையெடுப்புக்குக் காரணமாகக் காட்டப்பட்ட பேரழிவு ஆயுதங்களும் கிடைக்கவில்லை. அரசு குலைந்த நாட்டில் தீவிரவாதக் கூட்டங்கள் வேர்விட்டன. 2007-இல் மோசூலில் ராகித் கன்னி என்னும் இளங்குருவானவர், திருப்பலி முடித்துத் திரும்புகையில், மூன்று துணைத் திருத்தொண்டர்களோடு சுட்டுக் கொல்லப்பட்டார். மறு ஆண்டு பேராயர் பவுலோஸ் ராகோ கடத்தப்பட்டுப் பிணமாகக் கிடைத்தார். ஒரு போர் மூட்டிய நெருப்பை மற்றொரு போரால் அணைக்க நேர்ந்தது.

எனவேதான் திருத்தந்தை பிரான்சிஸ் சொல்லை அளந்து பேசினார். அமெரிக்க விமானங்கள் ஈராக்கில் குண்டுவீச்சைத் தொடங்கிப் பத்து நாட்களான பின், 2014 ஆகஸ்டு 18-ஆம் நாள், கொரியாவிலிருந்து திரும்பிய விமானத்தில் செய்தியாளர்கள் அவரிடம் இது பற்றிக் கேட்டனர். அநியாயமாகத் தாக்குபவனைத் தடுத்து நிறுத்துவது முறையே என்றார். ‘நிறுத்துதல்’ என்னும் வினையை வலியுறுத்திய அவர், குண்டு வீசுங்கள், போர் தொடுங்கள் என்று தாம் கூறவில்லை என்றும் சொன்னார். எவ்வழியில் நிறுத்துவது என்பதை ஒரு நாடு தனித்துத் தீர்மானிக்கலாகாது. நிறுத்துகிறோம் என்ற சாக்கில் வல்லரசுகள் பிறர் நாட்டைப் பிடித்ததை மறக்கலாகாது என்றார்.

“குண்டு வீசாமல் எப்படி நிறுத்துவதாம்? ஜெபமாலையைக் காட்டியா?” என்று அத்தான் அப்போது சிரித்தார்.

அக்கேள்விக்கு மோசூலே விடை கூறிற்று. நகரை மீட்கும் போர் 2016 அக்டோபர் முதல் 2017 ஜூலை வரை நடந்தது. 2017 மார்ச் 17-ஆம் நாள், மேற்கு மோசூலின் அல் ஜதிதா பகுதியில் ஒரு வீட்டுக் கூரையில் தீவிரவாதிகள் இருவர் பதுங்கியிருந்து சுட்டுக்கொண்டிருந்தனர். அவ்விருவருக்காக அமெரிக்க விமானம் ஐந்நூறு பவுண்டு எடையுள்ள குண்டொன்றை வீசியது. வீட்டிலோ அண்டை அயலார் அடைக்கலம் புகுந்திருந்தனர். நூற்றுக்கு மேற்பட்ட பொதுமக்கள் மாண்டதை அமெரிக்கப் படையின் விசாரணையே ஒப்புக்கொண்டது. தீவிரவாதிகள் அங்கு வைத்திருந்த வெடிமருந்தே வீட்டைத் தகர்த்தது என்று அது கூறிற்று. அப்பகுதியினர் பலர் அதை மறுத்தனர். மக்களைக் கேடயமாக்கி, தப்பியோடியவர்களைச் சுட்டவர்கள் அத்தீவிரவாதிகளே. அவர்களையும் விமானியையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க நான் துணியேன். ஆனால், நீக்க முற்படும் தீமையைவிடப் பெரிய தீமையை ஆயுதம் விளைவிக்கலாகாது என்று திருச்சபையின் மறைக்கல்வி ஏடு வகுத்த நிபந்தனை அந்த வீட்டில் என்னவாயிற்று?

இச்செய்தியை நான் வாசித்துக் காட்டியபோது அத்தான் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “கூரையில் இருவர் என்றால் படியேறிப் போக வேண்டும். ஏறுகிறவன் சாகலாம். அதற்குத்தானே அவன் சிப்பாய்?” என்றார்.

“நீங்கள் ஏறுவீர்கள், அத்தான். உங்களை அனுப்புகிறவர்கள்?” என்றான் தம்பி.

அத்தான் சொன்ன அந்தப் படிக்கட்டில்தான் நிறுத்துதலும் போரும் பிரிகின்றன என்பது என் எண்ணம். தன் உயிரைப் பணயம் வைத்துப் பிறர் உயிரைக் காப்பவன் நிறுத்துகிறான். தன் ஆபத்தைக் கீழ் வீட்டில் பதுங்கியிருக்கும் தாயின்மேல் இறக்கிவைப்பவன் செய்வதற்கு வேறு பெயர். மோசூலில் தெருத் தெருவாகப் போரிட்டு மடிந்த ஈராக்கிய வீரர்களுள் பெரும்பாலோர் இஸ்லாமியர் என்பதையும் நம்மவர் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை.

காராக்கோஷ் 2016 அக்டோபரில் மீட்கப்பட்டது. எரிந்து கருகிய அமலோற்பவ மாதா கோவிலைச் செப்பனிட்டனர். சென்றவர்களுள் பலர் திரும்பினர். பலர் கடல் கடந்து போனவர்கள் போனவர்களே. 2021 மார்ச் 7-ஆம் நாள் அக்கோவிலுக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் வந்தபோது ஒரு தாய் எழுந்து பேசினார். 2014 ஆகஸ்டு 6-ஆம் நாள் காலை விழுந்த எறிகணையால் தம் சிறு மகனை இழந்தவர். கொன்றவர்களை மன்னிக்க முயல்வதாகச் சொன்னார். மன்னிப்பைப் பற்றி அப்பெண் பேசியதே தம் உள்ளத்தை மிகவும் தொட்டது என்று திரும்பும் வழியில் திருத்தந்தை கூறினார். தம்பி அத்தாயைச் சான்றாகக் காட்டினான். “அந்தக் கோவிலில் அவர் நின்று பேச வழி செய்தது யார், மாப்பிள்ளை?” என்றார் அத்தான்.

அத்தாய் சொன்ன இன்னொன்றும் உண்டு. தம் மகனும் அவனோடு மடிந்த இருவருமே ஊருக்கு எச்சரிக்கையானார்கள். அவர்கள் மடிந்திராவிட்டால் ஊரார் ஓடித் தப்பியிருக்கமாட்டார்கள் என்றார்.