மூச்சை எண்ணும் தீதி

காட்மாண்டுவிலிருந்து பிருதிவி ராஜபாட்டையில் மேற்கே பிரயாணம் செய்து, டும்ரேயில் வடக்கே திரும்பி, மர்ஸ்யாங்தி நதியின் கரையோடே ஏறும் பாதையில் லம்ஜுங் ஜில்லாவின் தலைநகரான பேசிசஹரை அடைந்து, அங்கிருந்து படிக்கட்டுகள்போல் வெட்டிவிட்ட கேழ்வரகு வயல்களினூடே இரண்டு மணி நேரம் கால்நடையாக ஏறி, நான் தேடிவந்த அம்மையாரின் வாசலில் போய் நின்றபோது, அவர் எருமைக்குப் புல் அறுக்கப் போயிருந்தார். நமக்கு ஐப்பசி பிறக்கும் நாளில் நேபாளத்தாருக்குக் கார்த்திக் மாதம் பிறக்கிறது. மழை ஓய்ந்து, செண்டுமல்லி பூத்து, வடக்கே பனிமலை துலக்கமாகத் தெரிகிற பருவம் அது.

வாசற்சுவரில் ஒரு சிறு பலகை இருந்தது. ‘மஹிலா சாமுதாயிக ஸ்வாஸ்த்ய ஸ்வயம்சேவிகா’, அதாவது பெண் சமுதாய சுகாதாரத் தொண்டர், என்று அதில் எழுதியிருந்ததை, எனக்குத் துணையாகவும் மொழிபெயர்ப்பவராகவும் வந்த பள்ளி ஆசிரியர் படித்துக் காட்டினார். 1988-ஆம் ஆண்டில் நேபாள அரசாங்கம் தொடங்கிய ஏற்பாடு இது: கிராமத்துத் தாய்மார்கள் தங்களுக்குள்ளேயே ஒருத்தியைத் தேர்ந்தெடுக்க, அவளுக்குச் சில வாரங்கள் பயிற்சி கொடுத்து, அண்டை அயலாருக்கு ஆரோக்கிய பாடம் கற்பிக்கும் பொறுப்பை அவளிடமே ஒப்படைத்துவிடுகிறார்கள். இன்று அத்தேசமெங்கும் அப்படி ஏறக்குறைய 50,000 பெண்கள் இருக்கிறார்கள். பயிற்சி நாட்களுக்குப் படியும், ஆண்டுக்கொரு முறை உடைக்கென ஒரு தொகையும் உண்டே தவிர, மாதச் சம்பளம் கிடையாது.

முதுகில் ‘டோக்கோ’ என்னும் மூங்கிற்கூடை நிறையப் புல்லும், அதைத் தாங்கும் பட்டை நெற்றியிலுமாக வந்துசேர்ந்த அவர், சுமையை இறக்குமுன்பே என்னைப் பார்த்து, “வாருங்கள் தாய், உட்காருங்கள்” என்றார். அண்ணன் என்று பொருள்படும் அந்த நேபாளிச் சொல் தமிழ்க் காதில் அம்மாவாக விழவே, ஒரு கணம் என் மனம் நெகிழ்ந்துபோயிற்று. ஊரார் அனைவருக்கும் அவர் தீதி, அதாவது அக்கா; நானும் அப்படியே அழைத்தேன்.

மறுநாள் காலை, ஆலும் அரசும் சேர்த்து நட்டு மேடை கட்டிய சௌதாரியில் தாய்மார் கூட்டம். பிரசங்கத்தை எதிர்பார்த்துப் போன எனக்கு அங்கே பிரசங்கமே இல்லாதது முதலில் ஏமாற்றமாகவும், பிறகு பெரும் பாடமாகவும் இருந்தது. தீதி ‘ஜீவன் ஜல்’ என்ற உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஒன்றைக் கைக்குழந்தையோடு வந்திருந்த ஓர் இளம் மருமகளிடம் கொடுத்து, “கலக்கு, பஹினி (தங்கையே)” என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் கண்ணளவாகத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு லிட்டருக்கு வெகு குறைவு. தீதி தடுக்கவுமில்லை, திருத்தவுமில்லை. மற்றொரு பொட்டலத்தைத் தாமே அளந்து கலக்கி, இரண்டையும் அவளைச் சுவைத்துப் பார்க்கச் செய்தார். முதலாவதைக் குடித்ததும் அவள் முகம் சுளித்த விதத்தைக் கண்டு கூட்டமெல்லாம் சிரித்தது; அவளும் சிரித்தாள். எத்தனை தண்ணீர் என்பது இனி அவள் நாக்குக்கே தெரியும்.

வயிற்றுப்போக்கு நின்றவுடன் துத்தநாக மாத்திரையையும் நிறுத்திவிடுவது எல்லா ஊர்த் தாய்மாருக்கும் உள்ள சுபாவம். பத்து நாள் கொடுத்தாக வேண்டுமென்று வாயால் சொல்வதற்குப் பதிலாக, தீதி பத்து மக்காச்சோள மணிகளை எண்ணி அந்த மருமகளின் முந்தானையில் முடிந்துவிட்டார். நாளொன்றுக்கு ஒரு மணியை எடுத்துக் கோழிக்குப் போட வேண்டும். நெசவாளிக்கும் தச்சருக்கும் எவ்வாறு கையிலே ஒரு வித்தை படிந்திருக்கிறதோ, அவ்வாறே இந்தப் பெண்களுக்கும் படிந்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்பத் தொடங்கியது அந்த மக்காச்சோள மணிகளைக் கண்டபிறகுதான். பயிற்சிப் புத்தகங்களில் இருப்பது விஷயம். அதை ஒரு முந்தானை முடிச்சுக்குள் அடக்கிவிடுவது அவர்களுடைய தொழில்.

அடுத்த இரு நாட்களும் வைட்டமின் ஏ கொடுக்கும் நாட்கள். ஆண்டுக்கு இரு முறை, வைசாகத்திலும் கார்த்திகிலும், ஆறு மாதம் நிறைந்த சிசு முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைவரை ஒன்றும் விட்டுப்போகாமல் கொடுத்தாக வேண்டும். சிவப்புக் குளிகையின் நுனியைக் கத்தரியால் நறுக்கி, பிள்ளை அழவோ சிரிக்கவோ வாய் திறக்கும் அந்தக் கணத்தில் எண்ணெய்த் துளிகளைப் பிழிந்துவிடுகிறார். மாலைக்கண்ணை அவர்கள் ‘ரதந்தோ’ என்கிறார்கள். தம் சிறு வயதில் அந்தியில் சுவரைத் தடவி நடந்த பிள்ளைகளைப் பற்றி ஒரு கிழவி சொன்னாள். கண்ணுக்கு மட்டுமல்ல, உயிருக்கும் இம்மருந்து காப்பு என்பதை உலகத்துக்குத் தெளிவுபடுத்திய ஆராய்ச்சிகளில் ஒன்று இதே நேபாளத்தின் ஸர்லாஹி ஜில்லாவில் நடந்தது. குழந்தை மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்ததை 1991-இல் வெளியிட்டார்கள்.

தீதிக்கு எழுத்து தெரியாது. அவருடைய பதிவேட்டில் சித்திரங்களே பெரிதும் இருக்கின்றன. கர்ப்பிணியின் படம், சிசுவின் படம், ஒவ்வொன்றின் கீழும் கோடுகள். அக்கோடு ஒவ்வொன்றும் எந்த வீட்டுப் பிள்ளை என்று அவர் விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே போனபோது, கூட வந்த ஆசிரியர் வாயடைத்து நின்றார்.

ஆனால் அவர் கற்பிக்கும் பாடங்களுள் தலையாயதென்று நான் கருதுவது, மூச்சைப் பார்க்கும் பாடம். ஒரு வயதுக்குட்பட்ட சிசு, இரண்டு மாதம் கடந்ததானால், நிமிஷத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குவது ஆபத்தின் அறிகுறி. ஒரு வயதுக்கு மேல் 40. எண்ணுவது தீதியின் வேலை. அதற்கென ஒலியெழுப்பும் சிறு கடிகாரம் கொடுத்திருக்கிறார்கள். தாய்மாருக்கோ எண்ணத் தெரியாது. ஆகவே அவர்களிடம் வேறொன்றைக் கேட்கிறார்: “நல்ல நாளில், பிள்ளை தூங்கும்போது, துணியை விலக்கி வயிற்றைப் பார்த்துக்கொண்டே இரு, பஹினி. நல்ல மூச்சை அறியாதவளுக்குக் கெட்ட மூச்சு எப்படித் தெரியும்?” ஒவ்வொருத்தியாக அழைத்து, உறங்கும் சிசுவின் அருகே உட்காரவைத்து, அவள் கையையே அந்த மூச்சின் கதிக்கு ஏற்றபடி ஏறி இறங்கச் செய்தார்.

இந்தப் பாடம் நடந்த மறுநாள் பிற்பகல், சம்பளம் பற்றிய என் வினாவை மெல்ல எடுத்தேன். “கொடுத்தால் வேண்டாம் என்பேனா?” என்று கேட்டுவிட்டு, அவர் விரல்களை மடக்கி எண்ணினார். மலைக்கிராமங்களில் ‘பர்மா’ என்றொரு வழக்கம்: உன் வயலில் நான் ஒரு நாள், என் வயலில் நீ ஒரு நாள் என்று உழைப்பை மாற்றிக்கொள்வது. பயிற்சிக்கும் கூட்டத்துக்கும் மருந்துக்குமாகத் தீதி போய்விடும் நாட்களில் அவர் வயல் வேலையை அயலார் செய்துவிடுகிறார்கள். அந்த நாட்களெல்லாம் அவர் திருப்பித் தரவேண்டிய கடன். அந்த அறுவடையில் மட்டும் ஏழு நாள் பாக்கி. சேவை என்ற புனிதமான சொல்லை நான் மதிக்கிறேன். ஆயினும், ஒரு தேசத்தின் சிசுக்கள் பிழைப்பதற்கு ஓர் ஏழைப் பெண்ணின் கடன் நாட்கள் அஸ்திவாரமாக இருக்குமானால், அந்த நாட்களுக்குக் கூலி கொடுப்பது அத்தேசத்தின் கடமை என்பதே என் திடமான அபிப்பிராயம்.

அன்றிரவு கதவு தட்டப்பட்டது. ஜீவன் ஜல் கலக்கிய அதே மருமகள். எட்டு மாதக் குழந்தை தோளில். “தீதி, நேற்றுப் பார்த்த மூச்சு இல்லை இது” என்றாள். அழுகை அடங்கும்வரை காத்திருந்து, விளக்கை அருகில் வைத்து, சட்டையை உயர்த்தி, ஒரு முழு நிமிஷம் தீதி உதடு அசைய எண்ணினார். அந்த நிமிஷத்தில் அவ்வீட்டில் ஒருவரும் அசையவில்லை. ஐம்பத்தெட்டு. மறுபடி எண்ணினார், ஐம்பத்தேழு. விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார், விழவில்லை. “இன்னும் நேரம் இருக்கிறது” என்றார்.

குழந்தையின் தகப்பன் டார்ச் விளக்குடன் முன்னே செல்ல, அந்தப் பெண் குழந்தையை மார்போடு அணைத்துக் கட்டிக்கொள்ள, தீதியும் பின்னே இறங்கிப் போனார். சுகாதார நிலையம் இறக்கத்தில் ஒரு மணி நேரத் தூரம். பொழுது விடிந்து வெகு நேரம் கழித்துத் தாயும் பிள்ளையும் ஐந்து நாள் மருந்தோடு மேலே வந்துசேர்ந்தார்கள். குழந்தை பால் குடித்ததாம். தீதியை எங்கே என்று கேட்டேன். வழியிலேயே பிரிந்துவிட்டாராம். ஆசிரியர் கை காட்டிய திசையில் பார்த்தேன்: கீழ்ப்படி வயலில், இடுப்பில் அரிவாள் செருகிய நாலைந்து பெண்களுக்கு நடுவே, குனிந்து கேழ்வரகுக் கதிர் கொய்து கொண்டிருந்தார். ஏழில் ஒரு நாள்.